மாங்கா டீம்

பீமாராவின் கை கெட்டுவிட்டது என்பதை அவன் எனக்குச் சொல்லவில்லை. என் உள்ளங்கைதான் சொன்னது.

என் பெயர் சோணைமுத்து. 'மதுரை கவண்' என்ற பேஸ்பால் அணியில் கேட்ச்சர். மட்டை பிடிக்கிறவனுக்குப் பின்னால், கம்பி முகமூடியை மாட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்து, எதிரேயிருந்து எறியப்படுகிற பந்தையெல்லாம் இடது கை உறையில் வாங்குகிறவன். எறிகிறவனைப் பிட்ச்சர் என்பார்கள். எங்கள் பிட்ச்சர் பீமாராவ். அவன் எறிகிற ஞாயிற்றுக்கிழமைகளில், ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் செய்கிற முதல் வேலை ஒரு சட்டியில் வெந்நீர் வைத்துக் கல்லுப்பைப் போட்டு இடது கையை அமுக்கி வைப்பதுதான். ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம் அத்திப்பழம் மாதிரி சிவந்து வீங்கிக் கிடக்கும். புதன்கிழமை வரை அந்தக் கையால் பைக்கின் கிளட்சைப் பிடிக்க முடியாது.

மூன்றாவது சீசனில், மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் சேலத்துக்காரர்களோடு ஆடிவிட்டு வந்து வெந்நீர் வைத்தேன். உப்பைப் போட்டுவிட்டுக் கையைப் பார்த்தேன். சிவப்பே இல்லை. அமுக்கிப் பார்த்தேன். வலி இல்லை. நூறு பந்து வாங்கிய கை, அன்றைக்கு லீவு போட்டவன் கை மாதிரி வெளுப்பாக இருந்தது. சட்டித் தண்ணீர் ஆறுகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பந்தில் பழைய வேகம் இல்லை. அது ஏன் என்பதை யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் அணி உருவான கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலூரில் பம்புசெட் கம்பெனி வைத்திருக்கிற ஸ்ரீராம்குமார் சார், வெளிநாட்டில் படித்த காலத்தில் இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பைத்தியமானவர். மாநிலத்தில் ஆறு ஊர்களைச் சேர்த்து ஒரு தொழில்முறை லீக் ஆரம்பிக்கிறார்கள் என்று தெரிந்ததும் மதுரைக்கு ஓர் இடத்தை வாங்கிவிட்டார். ஆட ஆள் வேண்டுமே! மாநில சாஃப்ட்பால் அணியில் ஒன்பது வருடம் ஆடிவிட்டு, பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்த இசைவாணி அக்காவைக் கோச்சாகக் கூப்பிட்டார். அக்கா இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார்.

"பேஸ்பால் தெரிஞ்சவன் மதுரையில எவனும் கெடையாது சார். எனக்கு எறியத் தெரிஞ்சவன் போதும்" என்று சொல்லிவிட்டு, அக்கா ஒரு ஸ்கூட்டரில் வாடிப்பட்டி, சோழவந்தான், உசிலம்பட்டி, மேலூர் என்று கிரிக்கெட் போட்டி நடக்கிற ஊரெல்லாம் சுற்றினார். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"உங்க ஊர்ல மாங்கா போடுறவன் யாருப்பா?"

கையை நேராகச் சுழற்றிப் பந்து போடாமல், மரத்திலிருக்கிற மாங்காயைக் கல்லால் அடிக்கிறவன் மாதிரி முழங்கையை மடக்கி எறிகிறவனை எங்கள் பக்கம் 'மாங்கா' என்பார்கள். கிரிக்கெட்டில் அது குற்றம். அம்பயர் கையை நீட்டி நோ-பால் கொடுப்பார். கூட்டம் ஊளையிடும். கேப்டன் பந்தைப் பிடுங்கிக்கொள்வான். அப்படிப் பந்து பிடுங்கப்பட்ட பதினோரு பேரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார் அக்கா. பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது மறைக்காமல் சொன்னார். அன்றிலிருந்து ஊரில் எங்களுக்கு 'மாங்கா டீம்' என்றுதான் பெயர்.

பதினோரு மாங்காக்களில் பெரிய மாங்கா பீமாராவ். சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி அவன் ஊர். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் வளர்த்த பிள்ளை. ஏப்ரல் பதினான்காம் தேதி பிறந்ததால் அந்தப் பெயர். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மாவட்ட அளவிலான ஒரு கிரிக்கெட் மேட்சில் அவன் போட்ட முதல் ஆறு பந்தையும் அம்பயர் நோ-பால் என்றாராம். ஏழாவதும் நோ-பால். எட்டாவதைப் போடாமலே பந்தைக் கீழே வைத்துவிட்டு மைதானத்தை விட்டு நடந்தவன், நாலு வருடம் எந்தப் பந்தையும் தொடவில்லை.

அக்கா மார்க்கெட்டுக்கே போய் அவன் கையில் வெள்ளைப் பந்தைக் கொடுத்து, எதிரே நின்ற கரண்டுக் கம்பத்தைக் காட்டினார். அவன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டி எறிந்தான்.

"கைய மடக்கு. இன்னும் நல்லா மடக்கு" என்றார் அக்கா.

இதைப் பிறகு என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். "மடக்குன்னு சொன்ன மொத ஆளு அந்தக்காதான் மாப்ள. அன்னிக்குக் கம்பத்துல பட்ட சத்தம் இன்னும் காதுல கேக்குது."

நான் மாங்கா இல்லை. காளவாசலில் டூவீலர் மெக்கானிக். உள்ளூர் அணியில் விக்கெட் கீப்பர். பீமாராவின் பந்தைப் பயப்படாமல் வாங்குகிறவன் என்பதற்காக என்னை எடுத்தார்கள். பத்து மாதச் சம்பளம், மாதா மாதம் ஒன்றாம் தேதி. எங்கள் பன்னிரண்டு பேரில் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கிப் பழகியவன் ஒருத்தனும் கிடையாது.

ஆனையூரைத் தாண்டிக் கண்மாய்க் கரையோரம் கருவேலத்தை வெட்டி மைதானம் போட்டோம். செங்கல் சூளை மண்ணைக் கொட்டி இறுக்கினோம். பந்து கூட்டத்துக்குள் போகாமலிருக்க ராமேஸ்வரம் பக்கமிருந்து மீன் வலை வாங்கிவந்து கட்டினோம். முதல் ஆட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். அதில் முப்பது பேர் பம்புசெட் கம்பெனி ஆட்கள். இருபத்திரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கோயம்புத்தூரிடம் தோற்றோம். அந்த வருடம் இருபது ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தோம். கடைசி இடம். அடுத்த வருடம் ஐந்து. அப்போதும் கடைசி இடம்தான். ஆனால் அந்த ஐந்தில் நாலு பீமாராவ் ஜெயித்துக் கொடுத்தது. கூட்டம் நானூறு, ஐந்நூறு என்று வர ஆரம்பித்தது. "மாங்கா! மாங்கா!" என்று கேலரியில் இருந்தவர்கள் கத்தினால் அதில் கேலி இல்லை. பீமாராவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் முகம் மலரும்.

இதற்கிடையில் அவனுக்கும் முத்துச்செல்விக்கும் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆனையூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்தார்கள். பாதி நாள் இரவுச் சாப்பாடு எனக்கு அங்கேதான். முத்துச்செல்வி என்னை "அண்ணே" என்பாள். குழந்தை என் மடியில்தான் சோறு தின்னும்.

மூன்றாவது சீசன் தொடங்குமுன் ஸ்ரீராம்குமார் சார் எங்களைக் காளவாசல் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"லீக்ல புது ரூல். மூணு வருஷம் தொடர்ந்து கடைசியா வந்தா அந்த ஊரை எடுத்துட்டு வேற ஊருக்குக் குடுத்துடுவா. நாம ஏற்கனவே ரெண்டு வருஷம் கடைசி. அஞ்சாவது இடம் வந்தாப் போறும், நான் டீமை விடமாட்டேன். ஆறாவதுன்னா, என் கையில ஒண்ணுமில்லை" என்றார்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த டீக்கடையில் பீமாராவ் என்னிடம் சொன்னான். "மறுபடி மூட்டை தூக்கலாம் மாப்ள. அது ஒண்ணும் அசிங்கமில்ல. ஆனா மறுபடி பந்தக் கீழ வச்சிட்டு நடக்க என்னால ஆகாது."

இதையெல்லாம் தெரிந்திருந்ததால்தான் அந்த மாசி ஞாயிற்றுக்கு மறுநாள் அவனிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. இருந்தாலும் கேட்டேன். பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு, வலைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "கையக் காட்டுரா" என்றேன்.

"என்னா கை?"

"காட்டுரான்னா."

சட்டைக் கையை உயர்த்தினான். முழங்கையின் உட்பக்கம் கோழி முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. நான் விரலை வைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான்.

"எம்புட்டு நாளா?"

"பொங்கலுக்கு முன்னயிருந்தே. எறியறப்ப சுருக்குன்னு ஒரு இழுப்பு. ராத்திரி சுண்டுவெரல் மரத்துப் போவுது."

"அக்காகிட்ட சொல்லிரலாம்டா."

அவன் என் தோளை இறுக்கிப் பிடித்தான். இடது கையால்தான் பிடித்தான். "சொன்னா உக்கார வச்சிருவாக. உக்காந்தா யாரு போடுவா? நீ போடுவியா? இன்னும் எட்டு ஆட்டம். எட்டே எட்டு. அப்புறம் எட்டு மாசம் ரெஸ்ட் எடுக்கறேன். முத்துச்செல்விக்குத் தெரியக் கூடாது, அக்காவுக்குத் தெரியக் கூடாது. சொல்லாத மாப்ள. எம் பிள்ள மேல சத்தியம் பண்ணு."

நான் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் சொல்லவும் இல்லை.

அவனுக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு முட்டியும் தேய ஆரம்பித்திருந்தது. அணி போனால் நானும் காளவாசல் பட்டறைக்குத் திரும்ப வேண்டியதுதான். என் பிழைப்பும் அவன் முழங்கையில்தான் தொங்கியது.

சொல்லாமல் இருந்ததோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறைக்கவும் உதவினேன். பயிற்சிக்குப் பிறகு என் வீட்டில் ஐஸ் வைத்துக் கட்டினோம். ஒரு ரூபாய்த் தண்ணீர்ப் பாக்கெட்டுகளை ஃப்ரீசரில் உறைய வைத்து, பழைய துண்டில் சுற்றி முழங்கையில் கட்டிக்கொண்டு என் கட்டிலில் படுத்திருப்பான். வீட்டில் கேட்டால் 'சோணைமுத்துகூட மேட்ச் வீடியோ பாத்தேன்' என்பான். அதைவிட மோசமான ஒன்றும் செய்தேன். பந்தை உறையின் நடுப் பள்ளத்தில், சரியான இடத்தில் வாங்கினால் வேட்டு போட்ட மாதிரி 'டப்'பென்று சத்தம் வரும். விரல் பக்கமோ மணிக்கட்டுப் பக்கமோ வாங்கினால் சத்தமே வராது. வேகம் குறைந்த பந்தைக்கூட அந்தப் பள்ளத்திலேயே வாங்கி, வாங்கும்போது கையை லேசாக முன்னால் தள்ளிச் சத்தத்தைப் பெருக்கினேன். கேலரியில் இருப்பவர்களுக்குப் பந்தின் வேகம் கண்ணில் தெரியாது. காதில்தான் தெரியும். எதிரணிக்காரர்கள்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டு, அடுத்த பந்துக்கு முன்கூட்டியே மட்டையை வீசி ஏமாந்தார்கள். இப்படியே இரண்டு ஆட்டம் ஜெயித்தோம்.

கடைசி ஆட்டம் ஓசூர் அணியோடு, எங்கள் மைதானத்தில். இரண்டு அணியுமே ஆறு ஆட்டம் ஜெயித்திருந்தோம். ஜெயித்தவர்களுக்கு ஐந்தாவது இடம். தோற்றவர்களுக்குக் கடைசி இடம்.

அன்றைக்கு ஏப்ரல் பதினான்கு, ஞாயிறு. ஊரே சித்திரைத் திருவிழாக் கொடியேற்றத்தில் இருந்தது. இருந்தும் ஆயிரம் பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பீமாராவுக்குப் பிறந்தநாள். காலையில் காலனியில் சிலைக்கு மாலை போடுகிற விழாவுக்குக்கூடப் போகாமல் என் வீட்டுக் கட்டிலில் ஐஸோடு படுத்திருந்தான். கிளம்பி அவன் வீட்டு வழியாகப் போனபோது முத்துச்செல்வி குழந்தையோடு வாசலில் நின்று, "ஜெயிச்சிட்டு வாங்க. பாயாசம் வச்சிருக்கேன், அண்ணே நீங்களும் வந்துருங்க" என்றாள். "வாரேன்மா" என்றேன். அவள் கண்ணைப் பார்க்காமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

மூன்று மணி வெயிலில் ஆட்டம் தொடங்கியது. ஒரு பக்கத்துக்கு ஒன்பது முறை மட்டை பிடிக்கக் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் எதிராளி மூன்று பேரை அவுட் ஆக்க வேண்டும். பீமாராவ் ஆரம்பத்திலிருந்தே வேகத்தை விட்டுவிட்டுத் தந்திரமாக எறிந்தான். ஏழு முறை முடிந்தபோது நாங்கள் நாலு, அவர்கள் மூன்று. இன்னும் இரண்டு முறை. ஆறு பேர்.

அக்கா எப்போதும் கையில் ஒரு சின்ன எண்ணுகிற கருவி வைத்திருப்பார். பிட்ச்சர் எறிகிற ஒவ்வொரு பந்துக்கும் கட்டை விரலால் ஒரு அமுக்கு. நூறு வந்ததும் பிட்ச்சரை மாற்றிவிடுவார். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அந்தச் சட்டத்தை அவர் மீறியதில்லை. ஏழாவது முறை முடிந்து பெஞ்சுக்கு வந்தபோது நான் பார்த்தேன். அக்கா கையில் கருவி இல்லை. டிராக் பேண்ட் பாக்கெட்டில் போட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

எட்டாவது முறை முதல் ஆளுக்கு அவன் எறிந்த பந்து கையிலிருந்து நழுவி என் தலைக்கு மேலே போய் மீன் வலையில் தொங்கியது. கூட்டம் 'ஓ' என்றது. அம்பயரிடம் நேரம் கேட்டுவிட்டு அவனிடம் நடந்தேன். முகமெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது.

"சுண்டுவெரலும் பக்கத்து வெரலும் இல்லாத மாதிரி இருக்குடா. பந்து எங்க இருக்குன்னே தெரியல" என்றான்.

"போதும்டா. அக்காவக் கூப்புடுறேன்."

"ஆறு பேரு மாப்ள. ஆறே பேரு." "கால்ல விழவா? இத்தன பேரு முன்னாடி உன் கால்ல விழவா?"

பெஞ்சுப் பக்கம் திரும்பினேன். அக்கா வரவில்லை. கூட்டம் "மாங்கா! மாங்கா!" என்று கால்களால் பலகையைத் தட்ட ஆரம்பித்திருந்தது. நான் கையை உயர்த்தி ஒரு சைகை காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. பந்தை அவன் உள்ளங்கையில் வைத்து, உணர்ச்சி இல்லாத அந்த இரண்டு விரலையும் நானே பிடித்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பந்தைச் சுற்றி மடக்கி வைத்தேன். பிறகு திரும்பி வந்து என் இடத்தில் குத்தவைத்தேன்.

எட்டாவதில் மூன்று பேரும் போனார்கள். ஒன்பதாவதில் இரண்டு பேர் போனார்கள். இடையில் ஒருவன் அடித்து ஓடி, சுற்ற வேண்டிய நாலு முனையில் மூன்றாவது வரைக்கும் வந்து நின்றான். இன்னும் ஒரே ஓட்டம் ஓடினால் ஆட்டம் சமன். மட்டை பிடிக்க வந்தவன் ஓசூரின் பெரிய அடிகாரன். இரண்டு பந்துக்கு மட்டையை வீசித் தவறவிட்டான். மூன்றாவதையும் தவறவிட்டால் முடிந்தது.

மெதுவான பந்து போடச் சொல்லி விரலால் சைகை காட்டினேன். பீமாராவ் தலையை ஆட்டி மறுத்தான். மறுபடி காட்டினேன். மறுபடி மறுத்தான். அவன் கேட்டது வேகப் பந்து. சரி என்று உறையை நீட்டினேன்.

எறிந்தபோது அவன் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பச்சைக் கிளையை முறிக்கிற மாதிரி சத்தம். அடுத்த கணம் பந்து என் கைக்குள் வந்து இறங்கியது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் உள்ளங்கை எரிந்தது. அடிகாரன் வீசிய மட்டை வெறும் காற்றில் போயிற்று.

ஜெயித்துவிட்டோம். பெஞ்சில் இருந்தவர்கள் துள்ளி ஓடிவந்தார்கள். கேலரியே வலையைத் தாண்டி உள்ளே இறங்கியது. நான் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். பீமாராவ் முட்டிபோட்டு, வலது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நெற்றி மண்ணில் படக் குனிந்திருந்தான். சந்தோஷத்தில் மண்ணைக் கும்பிடுகிறான் என்று நினைத்து நாலு பேர் அவனைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். அவன் அலறிய அலறல் அந்த ஆரவாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முழங்கையின் உட்பக்கத் தசைநார் எலும்புத் துண்டோடு பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. நரம்பும் இழுபட்டிருக்கிறது என்றார் டாக்டர். "எவ்வளவு நாளா வலி?" என்று கேட்டார்.

"இன்னிக்குத்தான் சார்" என்றான் பீமாராவ்.

டாக்டர் அவனை நம்பாத மாதிரி பார்த்தார். முத்துச்செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வெளியே வராந்தாவுக்கு நான் போனபோது பின்னாலேயே வந்தாள்.

"உங்களுக்கு முன்னயே தெரியுமாண்ணே?"

பொய் சொல்லியிருக்கலாம். உள்ளே இருந்தவன் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான். ஆனால் வாய் வரவில்லை. "தெரியும்" என்றேன்.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு மாசமா."

அவள் கத்தவில்லை. குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். "ரெண்டு மாசமா எங்க வீட்ல சோறு தின்னீகளே. எம் பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு சோறு தின்னீகளே" என்றாள். பிறகு, "இனிமே வராதீக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்தாவது இடம் வந்ததால் அணி பிழைத்தது. ஸ்ரீராம்குமார் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இன்னும் மூன்று சீசனுக்குக் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் செலவையும் கம்பெனியே ஏற்றது. ஆனால் எறிய முடியாத பிட்ச்சரைச் சம்பளப் பட்டியலில் வைத்திருக்க முடியாதல்லவா? மைதானத்தில் கேட் பார்க்கிற வேலை தருகிறேன் என்றார். பீமாராவ் வேண்டாம் என்றுவிட்டான்.

ஒரு வாரம் கழித்து இசைவாணி அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அணியை விட்டுப் போய்விடலாம் என்றுதான் போனேன். ஐஸ் கட்டியது, சத்தத்தைப் பெருக்கியது, விரலை மடக்கி வைத்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" என்றார் கடைசியில். "பந்து வர்ற வேகத்துக்கும் உன் கிளவ் போடுற சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லயேன்னு மொத நாளே பாத்துட்டேன். பெஞ்சுல உக்காந்திருந்த அத்தன பேரும் பாத்தானுங்க. ஒருத்தனும் வாயத் தொறக்கல. நானும் தொறக்கல."

"நீங்க ஏங்க்கா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

அவரே சொன்னார். "இருந்த டீச்சர் வேலைய விட்டுட்டு வந்தேன். நாப்பத்து நாலு வயசாச்சு. இந்த டீம் போச்சுன்னா எனக்கும் போக்கிடம் இல்ல. கைய மடக்குன்னு சொல்லி அவனக் கூட்டிட்டு வந்தவளே நான்தான்டா. நான் சொல்லியிருக்கணும்." அதற்குப் பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆறுதல் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. எழுந்து வந்துவிட்டேன். அணியை விட்டும் போகவில்லை. போயிருந்தால் பெரிய மனிதனாக இருந்திருப்பேன். அடுத்த ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது. வாங்கினேன்.

ஆனி மாதம் ஒருநாள் முத்துச்செல்வியிடமிருந்து போன் வந்தது.

"செவ்வாக்கெழமை அவரக் கைப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போக ஆளில்ல. தையல் கம்பெனியில எனக்கு லீவு தர மாட்டேங்கிறாக. பஸ்ல ஏறி அந்தக் கையால கம்பியப் பிடிக்க முடியல அவருக்கு." அவ்வளவுதான் சொன்னாள். அண்ணே என்று கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து செவ்வாய்தோறும் ஒன்பதரை மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பேன். உள்ளே போக மாட்டேன். முத்துச்செல்வி ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கிற பையைக் கொண்டுவந்து வண்டியில் மாட்டிவிட்டுப் பேசாமல் திரும்பிப் போவாள். பீமாராவ் பின்னால் ஏறிக்கொள்வான். ஆனையூரிலிருந்து வண்டியூர்த் தெப்பக்குளம் பக்கத்தில் இருக்கிற அந்தப் பயிற்சி மையம் வரைக்கும் ஊரைக் குறுக்கே கடந்து போக வேண்டும். வழியெல்லாம் குழந்தையைப் பற்றி, மழையைப் பற்றி, பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசுவோம். வேறு எதையும் பேச மாட்டோம்.

அங்கே ஒரு தட்டில் புளியங்கொட்டையைப் பரப்பி வைத்து, மரத்துப்போன விரல்களால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்வார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பந்தை எறிந்த கை, ஒரு புளியங்கொட்டையை இடுக்க முடியாமல் தட்டை முழுக்கத் துழாவும். முதல் மாதம் ஒன்றுகூட எடுக்கவில்லை. ஐப்பசி வரும்போது பதினொன்று எடுத்தான். பதினொன்றை எண்ணி முடித்ததும் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

அன்று திரும்பும்போது தெப்பக்குளத்துக் கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னான். சுவரில் சாய்ந்து நின்றோம். மழைக்குப் பிறகு குளத்தில் தண்ணீர் நிறைந்து, நடு மண்டபத்து நிழல் அதில் அசைந்துகொண்டிருந்தது. எங்கள் நாலாவது சீசனுக்கான பயிற்சி மறுவாரம் தொடங்குவதாக இருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

"முத்துச்செல்வி உம்மேல கோவமா இருக்கா" என்றான்.

"இருக்கட்டும்டா. அவளுக்கு இல்லாத பாத்தியதையா?"

"நான்தான் சொல்லாதன்னேன். அவகிட்டயும் அதத்தான் சொன்னேன். அவன் மேல தப்பில்ல, நான் கெஞ்சுனேன், அவன் வாய மூடிக்கிட்டான்னு." வலது கையை இடது கையால் தடவிக்கொண்டே தண்ணீரைப் பார்த்துப் பேசினான். "இத்தன மாசமா அதையே சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். நானும் நம்பிருவேன்னுதான் பாத்தேன்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"ஆனா மாப்ள," என்றான், "நீ சொல்லியிருக்கணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். இந்தச் சந்தில் திரும்பியிருக்கணும் என்று வழி சொல்கிறவன் மாதிரி.

"ஆமாடா" என்றேன். "சொல்லியிருக்கணும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் குழந்தையைப் பால்வாடியிலிருந்து கூப்பிடணும் என்று அவன் நினைவுபடுத்தினான். வண்டியை எடுத்தேன். அவன் இடது கையால் என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தான்.